கராபாக் விவகாரத்தில் மாஸ்கோவின் மத்தியஸ்தம்: தலையங்கம் குறித்துச் சில கருத்துகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அர்மீனியாவுக்கும் அசர்பைஜானுக்கும் இடையே உருவாகிவரும் சமாதான உடன்பாட்டைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான தலையங்கத்தைப் படித்தேன். முப்பது ஆண்டுகளாக மாஸ்கோவால் தீர்க்க முடியாமல் போன பிணக்கை வாஷிங்டன் ஒரே நாளில் தீர்த்துவைத்துவிட்டது என்பதே அதன் சாரம். 2025 ஆகஸ்ட் 8 அன்று வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் டிரம்ப் முன்னிலையில் அர்மீனியப் பிரதமர் நிகோல் பாஷின்யானும் அசர்பைஜான் அதிபர் இல்ஹாம் அலியெவும் கைகுலுக்கிய படத்தைப் பார்த்த எவருக்கும் அப்படித் தோன்றக்கூடும். ஆயினும் அந்தக் கூற்றின் முதல் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாம் பாதியை அரைகுறையாகத்தான் ஏற்க முடிகிறது. கராபாக்கில் ரஷ்யா செய்த மத்தியஸ்தத்தைத் தோற்றுப்போன முயற்சி என்று முத்திரை குத்திவிட்டால், அந்த மத்தியஸ்தம் எதற்காக நடத்தப்பட்டது என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அர்மீனியர் பெரும்பான்மையாக வாழ்ந்த மலைப்பகுதியை 1923-ல் சோவியத் அரசு நகோர்னோ-கராபாக் தன்னாட்சி வட்டாரம் என்ற பெயரில் அசர்பைஜான் குடியரசுக்குள் அமைத்தது. 1988 பிப்ரவரியில், தங்களை அர்மீனியாவுடன் இணைக்கக் கோரி அந்த வட்டாரத்தின் மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த சில நாட்களிலேயே அசர்பைஜானின் சும்கயித் நகரில் அர்மீனியர்கள் வீடுபுகுந்து கொல்லப்பட்டனர். சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அது முழுப் போராக மாறியது. 1992 பிப்ரவரியில் கராபாக்கில் உள்ள கோஜாலியிலிருந்து தப்பியோடிய அசர்பைஜானியப் பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1994-ல் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது இரு தரப்பிலும் சுமார் 30,000 பேர் மாண்டிருந்தனர். கராபாக்கோடு சேர்த்து, அதைச் சுற்றியிருந்த ஏழு மாவட்டங்களும் முழுமையாகவோ பகுதியாகவோ அர்மீனியப் படைகளின் கைக்குப் போயிருந்தன. அங்கிருந்து விரட்டப்பட்ட அசர்பைஜானியர் லட்சக்கணக்கானோர். ஆக்கிரமிப்புப் படைகள் வெளியேற வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1993-ல் மட்டும் நான்கு தீர்மானங்களை நிறைவேற்றியது. அவற்றில் ஒன்றும் நடைமுறைக்கு வரவில்லை.

சென்னைப் பாரிமுனையின் அர்மேனியன் தெருவையும், அங்கே 1772-ல் எழுந்த தேவாலயத்தையும் அறிந்த நம் வாசகர்கள் பலர், உலகின் முதல் அர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794-ல் மதராஸில்தான் அச்சேறியது என்பதையும் அறிந்திருப்பார்கள். அந்தப் பழைய உறவின் காரணமாக நம் அனுதாபம் இயல்பாகவே ஒரு பக்கம் சாயக்கூடும் என்பதால்தான் கோஜாலியையும் ஏழு மாவட்டங்களையும் முதலிலேயே குறிப்பிட்டேன்.

இனி மாஸ்கோவுக்கு வருகிறேன். அதற்குரிய பாராட்டை மறைக்காமல் சொல்லிவிடுவது முறை. 1994-ன் போர்நிறுத்தம் ரஷ்யாவின் சாதனைதான். அதிபர் எல்ட்சினின் சிறப்புத் தூதர் விளாதிமிர் கஸிமிரோவ் பல மாதங்கள் மூன்று தலைநகரங்களுக்கும் அலைந்து, முதலில் பிஷ்கெக் நகரில் மே 5 அன்று ஓர் அரசியல் அறிவிப்பை உருவாக்கினார். அதைத் தொடர்ந்த போர்நிறுத்த ஒப்பந்தத்துக்கு மூன்று தரப்புத் தளபதிகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்க அவரால் முடியவில்லை. எனவே அசர்பைஜான் தலைநகர் பாகுவில் மே 9, அர்மீனியத் தலைநகர் யெரெவானில் மே 10, தனி அரசாகத் தன்னை அறிவித்துக்கொண்ட கராபாக்கின் தலைநகரான ஸ்டெபனாகெர்ட்டில் மே 11 என்று தனித்தனித் தாள்களில் ஒரே வாசகத்தின் கீழ் அவர்கள் கையெழுத்திட்டனர். தாள்கள் ஃபேக்ஸ் வழியாக மாஸ்கோவுக்கு வந்து சேர்ந்தன. இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே எழுதப்பட்ட ஒப்பந்தம், நடுவில் அமைதிப்படை எதுவும் இல்லாமல், விரல்விட்டு எண்ணத்தக்க சர்வதேசக் கண்காணிப்பாளர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவ்வப்போது மீறப்பட்டாலும், இருபத்தாறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. போர்நிறுத்த எல்லைக் கோட்டில் தன் படையை நிறுத்த ரஷ்யா அப்போதே விரும்பியது என்பதும், பாகு அதற்கு இடம்கொடுக்கவில்லை என்பதும் நினைவில் வைக்கத்தக்கவை. 1994-ல் கிடைக்காதது 2020-ல் கிடைத்தது.

போர்நிறுத்தத்துக்கும் தீர்வுக்கும் இடையில் இருந்த தூரத்தைக் கடக்கும் பொறுப்பு மின்ஸ்க் குழுவிடம் இருந்தது. ஐரோப்பியப் பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்பு அமைப்பு என்று இன்று அறியப்படும் அமைப்பின் சார்பில் 1992-ல் அந்தக் குழு பிறந்தது. மின்ஸ்க் நகரில் நடக்கவிருந்த மாநாட்டின் பெயரால் அமைந்த அந்தக் குழு 33 ஆண்டுகள் இருந்தது. மாநாடு நடக்கவே இல்லை. 1997 முதல் ரஷ்யா, அமெரிக்கா, பிரான்ஸ் ஆகிய மூன்றும் அதன் இணைத் தலைமையை வகித்தன. ஆகவே முப்பது ஆண்டுத் தேக்கத்துக்கு மாஸ்கோ மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பதும் நியாயமன்று. அந்த நாற்காலிகளில் ஒன்றில் வாஷிங்டனும் உட்கார்ந்திருந்தது. 2001-ல் புளோரிடாவின் கீ வெஸ்டில் அமெரிக்கா கூட்டிய பேச்சுவார்த்தையும் கைகூடவில்லை. 2007-ல் மாட்ரிட் கோட்பாடுகள் என்ற பெயரில், சுற்றியுள்ள மாவட்டங்களைத் திருப்பித் தருவது, கராபாக்குக்கு இடைக்கால அந்தஸ்து, பிற்காலத்தில் மக்கள் விருப்பத்தை அறிவது என்ற சட்டகம் முன்வைக்கப்பட்டது. வரைவைப் பொறுத்தவரை அது மோசமானதன்று.

இரு தரப்பும் குற்றமற்றவை என்று நான் சொல்லவில்லை. படிப்படியாக விட்டுக்கொடுத்துத் தீர்வு காணலாம் என்று வாதிட்ட அர்மீனிய அதிபர் லெவோன் டெர்-பெட்ரோசியான், அதற்காகவே 1998 பிப்ரவரியில் பதவி விலக நேர்ந்தது. வென்ற நிலத்தைப் பேரம் பேசும் பொருளாகப் பார்த்த தலைமுறை போய், அது தங்கள் சொத்து என்று நம்பும் தலைமுறை யெரெவானில் வளர்ந்தது. பின்னாளில் சமாதானத்தின் முகமாக மாறிய பாஷின்யானே, 2019 ஆகஸ்டில் ஸ்டெபனாகெர்ட் சதுக்கத்தில் நின்று, கராபாக் அர்மீனியாதான், பேச்சுக்கே இடமில்லை என்ற பொருளில் முழங்கினார். மறுபுறம் அசர்பைஜானோ எண்ணெய் வருவாயைப் படைபலமாக மாற்றிக்கொண்டே இருந்தது. கேள்வி இதுதான்: அந்தப் படைபலத்தை அது எங்கிருந்து வாங்கியது?

தலையங்கம் தொடாமல் விட்ட இடம் இது. ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2011 முதல் 2020 வரையிலான காலத்தில் அர்மீனியா இறக்குமதி செய்த பெரும் ஆயுதங்களில் 94 சதவீதமும், அசர்பைஜான் இறக்குமதி செய்தவற்றில் 60 சதவீதமும் ரஷ்யாவிலிருந்து வந்தவை. பாகுவுக்கு டி-90 டாங்கிகளும் ஸ்மெர்ச் ராக்கெட் ஏவுகலங்களும் சந்தை விலையில் விற்கப்பட்டன. யெரெவானுக்கு, கூட்டாளி நாடு என்ற முறையில், சலுகை விலையிலும் கடனிலும் தளவாடங்கள் போயின. இவ்வளவும் நடந்தபோது மின்ஸ்க் குழுவின் இணைத் தலைவர் பதவியில் ரஷ்யா நீடித்தது. அர்மீனியாவின் கியும்ரியில் அதற்கு ராணுவத் தளம் இருந்தது. ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பின் வழியாக அர்மீனியாவைக் காக்கும் கடப்பாடும் இருந்தது. 2016 ஏப்ரலில் நான்கு நாள் சண்டையில் இரு பக்கமும் ரஷ்யத் தயாரிப்பு ஆயுதங்களாலேயே சுட்டுக்கொண்டன. சண்டையை நிறுத்திய உடன்பாடும் மாஸ்கோவில்தான் எட்டப்பட்டது. அதற்கடுத்த நாட்களில் இரு தலைநகரங்களுக்கும் சென்ற அன்றைய ரஷ்யப் பிரதமர் மெத்வதேவ், நாங்கள் விற்காவிட்டால் வேறு யாராவது விற்பார்கள், சமநிலை கெட்டுவிடும் என்ற வகையில் அந்த வணிகத்தை நியாயப்படுத்தினார். ஊர்ப் பஞ்சாயத்தில் இரு பங்காளிகளுக்கும் அரிவாள் விற்றுக்கொண்டே நடுவராகவும் உட்காருபவரை நாம் என்ன சொல்வோமோ, அதைத்தான் யெரெவானிலும் பாகுவிலும் அப்போது பலர் சொன்னார்கள்.

அதே மெத்வதேவ் அதிபராக இருந்த 2008 முதல் 2011 வரையிலான காலத்தை இங்கே தனியாகக் குறிப்பிடுவது அவருக்குச் செய்யும் நியாயம். 2008 நவம்பரில் மாஸ்கோவை அடுத்த மெயின்டார்ஃப் மாளிகையில் இரு அதிபர்களும் அவருடன் ஒரு கூட்டு அறிவிப்பில் கையெழுத்திட்டனர். 1994-க்குப் பிறகு இரு நாடுகளும் சேர்ந்து கையொப்பமிட்ட முதல் தாள் அதுவே. தொடர்ந்து பல முறை அவர் இருவரையும் நேரில் சந்திக்க வைத்தார். 2011 ஜூனில் கசான் நகரில் அடிப்படைக் கோட்பாடுகள் கையெழுத்தாகிவிடும் என்று உலகமே எதிர்பார்த்தது. கடைசி நேரத் திருத்தங்களில் அது சிக்கிக் கலைந்தது. ஒரு வல்லரசின் தலைவர் தன் நேரத்தையும் கௌரவத்தையும் இவ்வளவு செலவிட்டது அந்த முப்பது ஆண்டுகளில் வேறெப்போதும் இல்லை. ஆனால் கசான் முறிந்த பிறகு மாஸ்கோ என்ன செய்தது? முறித்தவருக்கு எந்த விலையும் இல்லை. ஆயுத விற்பனை முன்னிலும் வேகமெடுத்தது. பேச்சு கலைந்தால் தனக்கு நட்டமில்லை, தொடர்ந்தால் தனக்கு மதிப்பு என்ற நிலையில் இருப்பவர் எவ்வளவு உழைத்தாலும் எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் புரிந்துகொண்டுவிடுவார்கள்.

2020 செப்டம்பர் 27 அன்று அசர்பைஜான் பெரும் தாக்குதலைத் தொடங்கியது. துருக்கியின் ஆதரவும் அதன் ஆளில்லா விமானங்களும் அதற்குத் துணையாக இருந்ததால் பழைய கணக்குகள் பொய்த்தன. அக்டோபர் 9 மாலை இரு வெளியுறவு அமைச்சர்களையும் மாஸ்கோவுக்கு வரவழைத்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் செர்கேய் லாவ்ரோவ், பத்து மணி நேரத்துக்கும் மேல் அவர்களை விடாமல் உட்காரவைத்துப் பேசி, அதிகாலை மூன்று மணி வாக்கில் தனியாக வந்து போர்நிறுத்தத்தை அறிவித்தார். நண்பகலில் அது அமலுக்கு வந்தது. வந்த சில நிமிடங்களிலேயே இரு தரப்பும் ஒருவரையொருவர் மீறியதாகக் குற்றம் சாட்டத் தொடங்கின. அடுத்து பிரான்ஸ் முயன்றது, பிறகு அமெரிக்கா முயன்றது. அவையும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. நவம்பர் 8 அன்று ஷுஷா நகரம் வீழ்ந்ததாக பாகு அறிவித்தது. ஸ்டெபனாகெர்ட்டை மேலிருந்து பார்க்கும் குன்றின் மீது அமைந்த நகரம் அது. அங்கே பீரங்கி ஏறிவிட்டால் கீழே உள்ளவர்களுக்கு வழியில்லை. மறுநாள் எல்லையருகே ரஷ்ய ஹெலிகாப்டர் ஒன்றை அசர்பைஜான் படை தவறுதலாகச் சுட்டு வீழ்த்தியதில் இருவர் இறந்தனர். பாகு உடனே மன்னிப்புக் கேட்டது. அன்றிரவே முத்தரப்பு அறிக்கை வெளியானது. நாற்பத்து நான்கு நாட்களில் ஏறத்தாழ 7,000 பேர் இறந்த பிறகு.

அந்த அறிக்கையை ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்க்கும்படி தங்கள் ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மொத்தம் ஒன்பது அம்சங்கள். ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். அக்தாம், கெல்பஜார், லாச்சின் மாவட்டங்கள் எந்தத் தேதிக்குள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று அது நாள் குறித்துச் சொல்கிறது. ரஷ்ய அமைதிப்படையினர் 1,960 பேர், கவச வாகனங்கள் 90, பிற வாகனங்களும் கருவிகளும் 380 என்று எண்ணிக்கை கொடுக்கிறது. அர்மீனியாவையும் ஸ்டெபனாகெர்ட்டையும் இணைக்கும் லாச்சின் பாதை ஐந்து கிலோமீட்டர் அகலம் இருக்கும் என்கிறது. அமைதிப்படை ஐந்தாண்டுகள் தங்கும், யாரும் ஆறு மாதம் முன்னதாக மறுப்புத் தெரிவிக்காவிட்டால் தானாக நீடிக்கும் என்கிறது. அசர்பைஜானின் மேற்குப் பகுதியை, அர்மீனியாவுக்கு அப்பால் தனித்துக் கிடக்கும் அதன் நக்சிவான் பகுதியுடன் இணைக்கும் வழி அர்மீனியா ஊடாகத் திறக்கப்படும், அந்த வழியை ரஷ்யக் கூட்டாட்சிப் பாதுகாப்புச் சேவையின் எல்லைக் காவல் பிரிவு மேற்பார்க்கும் என்கிறது. இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்ட தாளில், முப்பது ஆண்டுகளாக எதற்காகச் சண்டை நடந்ததோ அந்த கராபாக்கின் அந்தஸ்து பற்றி ஒரு சொல்லும் இல்லை. அமைதிப்படையினர் தாக்கப்பட்டாலோ, பாதை மறிக்கப்பட்டாலோ, அவர்கள் என்ன செய்யலாம் என்பதற்கும் ஒரு வரி இல்லை. வாகனக் கணக்கு வரை எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை எழுதத் தெரியாமல் போயிருக்காது. அந்தஸ்து முடிவாகிவிட்டால் படைக்கு வேலை முடிந்துவிடும். அதிகாரம் வரையறுக்கப்பட்டுவிட்டால் கடமை வந்துவிடும். இரண்டையும் தவிர்த்துவிட்டு மண்ணில் கால் ஊன்றுவதற்கான வாசகமாகவே அதைப் படிக்க முடிகிறது.

அடுத்த மூன்று ஆண்டுகள் இந்த வாசிப்பை மெய்ப்பித்தன. 2022 பிப்ரவரி 22 அன்று, உக்ரைன் மீதான படையெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு, புதினும் அலியெவும் மாஸ்கோவில் நேச உறவுப் பிரகடனம் ஒன்றில் கையெழுத்திட்டனர். ஒரு தரப்புக்கு ஒப்பந்தக் கூட்டாளி, மறு தரப்புக்குப் பிரகடனக் கூட்டாளி, இடையில் அமைதிப்படை என்று மூன்று தொப்பிகளை ஒரே தலையில் ரஷ்யா அணிந்துகொண்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் அர்மீனியாவின் சொந்த மண் தாக்கப்பட்டபோது, கூட்டுப் பாதுகாப்பு அமைப்பு அனுப்பியது நிலைமையைப் பார்வையிடும் ஒரு குழுவை. டிசம்பர் 12 அன்று, சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள், பாகு அரசின் ஆதரவுடன், லாச்சின் பாதையை மறித்து உட்கார்ந்தனர். ரஷ்யப் படையினர் அவர்களுக்குச் சில அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தனர். பாதையில் போக்குவரத்துத் தடையின்றி நடக்க நடவடிக்கை எடுக்குமாறு 2023 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் அசர்பைஜானுக்கு உத்தரவிட்டது. ஏப்ரலில் அசர்பைஜான் அங்கே தன் சோதனைச் சாவடியையே அமைத்தது. கோடைக்குள் ஸ்டெபனாகெர்ட் கடைகளில் அலமாரிகள் காலியாயின. ரொட்டிக்கு மக்கள் இரவில் வரிசையில் நின்றனர்.

2023 செப்டம்பர் 19 அன்று தொடங்கிய தாக்குதல் ஒரு நாளில் முடிந்தது. அதில் ரஷ்ய அமைதிப்படையினர் சிலரும் உயிரிழந்தனர். கராபாக் படையின் ஆயுதக் களைவுக்கு உடன்பாடு கண்டு தந்தவர்களும் அதே அமைதிப்படையினர்தான். அடுத்த சில நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், கிட்டத்தட்ட அங்கிருந்த அர்மீனியர் அனைவரும், கார்களிலும் டிராக்டர்களிலும் லாரிகளிலும் அர்மீனியாவின் கோரிஸ் நகரை நோக்கிப் புறப்பட்டனர். வழக்கமாகச் சில மணி நேரத்தில் கடக்கும் அந்த மலைச்சாலையில் பலருக்கு ஒரு நாளுக்கும் மேல் ஆனது. பயணத்துக்கு எரிபொருள் வாங்கக் கூடியிருந்த இடத்தில் கிடங்கு வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அக்டோபர் முதல் தேதி ஐ.நா. குழு உள்ளே போனபோது பார்ப்பதற்கு அநேகமாக யாரும் இல்லை. 2024 ஜூனுக்குள் ரஷ்யப் படையும் வெளியேறிவிட்டது, ஐந்தாண்டுக் கெடு முடிவதற்கு முன்பே. 1990-களின் தொடக்கத்தில் ஏழு மாவட்டங்களிலிருந்து அசர்பைஜானியர் வெளியேறிய காட்சியும் இதுவும் ஒன்றின் மறுபக்கம் மற்றொன்று. நடுவர் இரண்டு முறையும் அங்கே இருந்தார்.

மாஸ்கோவின் ஆதரவாளர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். 2022 அக்டோபரில் பிராகா நகரில், ஐரோப்பியத் தலைவர்கள் முன்னிலையில், முன்னாள் சோவியத் குடியரசுகள் ஒன்றன் எல்லையை மற்றொன்று ஏற்ற 1991-ன் அல்மா-ஆதா பிரகடனத்தின் அடிப்படையில் ஒருவர் நிலப்பரப்பை ஒருவர் ஏற்பதாக பாஷின்யானே ஒப்புக்கொண்டார். கராபாக் அசர்பைஜானுக்கு உரியது என்று அர்மீனியப் பிரதமரே சொன்ன பிறகு ரஷ்யப் படை எதைக் காப்பது என்று அவர்கள் கேட்கிறார்கள். பாதி நியாயமுள்ள கேள்வி. நிலம் யாருடையது என்பது வேறு, அதில் வாழ்கிறவர்களின் உயிரும் உணவும் யார் பொறுப்பு என்பது வேறு. பாதையைத் திறந்து வைப்பதாகக் கையெழுத்திட்ட மூவரில் புதினும் ஒருவர். அந்தக் கையெழுத்தை பிராகா அழித்துவிடவில்லை. உக்ரைனில் சிக்கிக்கொண்ட ரஷ்யாவுக்கு, துருக்கி வழியாகவும் அசர்பைஜான் வழியாகவும் செல்லும் வணிகப் பாதைகள் அப்போது மிகவும் தேவைப்பட்டன என்பதே உண்மையான காரணம் என்று கருதுகிறேன்.

இப்போது வாஷிங்டன். 2025 ஆகஸ்டில் அங்கே நடந்தது என்ன என்பதை மிகைப்படுத்தாமல் பார்க்க வேண்டும். 17 பிரிவுகள் கொண்ட சமாதான ஒப்பந்த வாசகத்தில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் அன்று முதலொப்பம் (இறுதிக் கையெழுத்துக்கு முன் வாசகத்தை உறுதிசெய்யும் சுருக்கொப்பம்) மட்டுமே இட்டார்கள். அந்த வாசகம் அதற்கு ஐந்து மாதம் முன்பே, 2025 மார்ச்சில், நடுவர் எவரும் இல்லாத நேரடிப் பேச்சில் முடிவாகிவிட்டிருந்தது. முப்பது ஆண்டு வரலாற்றில் இரு தரப்பும் தாமாகவே முழு வாசகத்தை எழுதியது இதுவே முதல் முறை. அந்தப் பெருமையை எந்த வல்லரசுக்கும் தாரைவார்க்க வேண்டியதில்லை. அந்த வாசகத்தின் ஒரு பிரிவு, இரு நாட்டு எல்லையில் மூன்றாம் நாட்டுப் படை எதையும் நிறுத்தக் கூடாது என்கிறது. நடுவர்களிடம் பட்ட அனுபவம் அந்தப் பிரிவில் பேசுகிறது. ஆனால் அந்த வாசகம் பிறந்த சூழலையும் மறக்கக் கூடாது: ஒரு தரப்பு முற்றாகத் தோற்று, கராபாக்கில் அர்மீனியர் எவரும் எஞ்சாத நிலையில், பேரம் பேச அதிகம் மிச்சமில்லை. அதோடு, அர்மீனியாவின் அரசியலமைப்பு திருத்தப்பட்டால்தான் இறுதிக் கையெழுத்து என்று பாகு நிபந்தனை வைத்திருக்கிறது. தீர்த்துவைத்துவிட்டது என்ற இறந்தகால வினைமுற்று அவசரமானது.

அமெரிக்கா உண்மையில் சேர்த்தது ஒன்று உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அர்மீனியாவின் தென்கோடியான சியூனிக் மாகாணத்தின் வழியாக, ஏறத்தாழ 43 கிலோமீட்டர் நீளத்தில், அசர்பைஜானை நக்சிவானுடன் இணைக்கும் போக்குவரத்து வழியே 2020 அறிக்கையின் ஒன்பதாவது அம்சம் ரஷ்யக் காவலில் வைத்த வழி. அந்த வழியைத் தன் இறையாண்மைக்கு வெளியே விட அர்மீனியா மறுத்தது. சோதனையில்லாத பாதை வேண்டும் என்று அசர்பைஜான் பிடிவாதம் பிடித்தது. அர்மீனியச் சட்டத்துக்கு உட்பட்டு, அமெரிக்கப் பங்கேற்புடன் அதை உருவாக்கி நடத்தலாம் என்ற ஏற்பாடு அந்த முடிச்சைத் தளர்த்தியது. பெயர் 'சர்வதேச அமைதிக்கும் வளத்துக்குமான டிரம்ப் பாதை'. பெயர் வைத்த விதத்தைப் பற்றி ஒவ்வொருவரும் தத்தம் ரசனைப்படி நினைத்துக்கொள்ளலாம். இங்கே அமெரிக்காவுக்கும் நலன் இருக்கிறது: மத்திய ஆசியாவுக்கு ரஷ்யாவையும் ஈரானையும் தொடாமல் ஒரு வழி, அதன் முதலீட்டு வாய்ப்புகள், அமைதித் தூதர் என்று பெயரெடுக்க அதிபருக்கு உள்ள விருப்பம். நலனே இல்லாத நடுவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் அவரிடம் கொடுக்கவும் மறுக்கவும் ஒன்றும் இருக்காது. ரஷ்யாவின் நலன் பிணக்கு முற்றாமலும் தீராமலும் இருப்பதில் இருந்தது: ஆயுதச் சந்தை, தளம், படை, யெரெவானின் சார்பு எல்லாம் அதில் அடங்கியிருந்தன. அமெரிக்காவின் இன்றைய நலன், சாலையில் வண்டி ஓட வேண்டும் என்பதில் இருக்கிறது. வண்டி ஓட அமைதி வேண்டும். இரண்டு நடுவர்களுக்கும் இடையில் நான் காணும் வேறுபாடு அவ்வளவுதான். நல்லெண்ணத்தின் அளவில் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த வேறுபாடும் எத்தனை நாளைக்கு என்பது கேள்விக்குரியது. 1992-ல் இயற்றப்பட்ட சட்டமொன்றின் 907-ஆம் பிரிவு அசர்பைஜானுக்கான அமெரிக்க அரசு உதவியைக் கட்டுப்படுத்தியது. ஆகஸ்ட் 8 அன்று அதிலிருந்து பாகுவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கையில் இருந்த ஒரு பிடியை, இறுதிக் கையெழுத்துக்கு முன்பே வாஷிங்டன் தளர்த்திக்கொண்டது. நாளை அந்தச் சாலையில் ஒருவர் மறியல் செய்தால், 2022 டிசம்பரில் லாச்சினில் நின்ற ரஷ்யச் சிப்பாயின் இடத்தில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் மேலாளர் நின்றுகொண்டிருப்பார். அவர் என்ன செய்வார் என்பது இந்த முறையாவது தெளிவாக எழுதப்பட வேண்டும்.

இறுதியாக, 2025 வாசகம் தொடாமல் விட்ட ஒன்று. 17 பிரிவுகளில் எங்கும் கராபாக்கிலிருந்து வெளியேறிய ஒரு லட்சம் பேரின் திரும்பும் உரிமை பற்றியோ, அவர்கள் விட்டுவந்த வீடு, கல்லறை, தேவாலயம் பற்றியோ பேச்சில்லை. 2020 அறிக்கையிலாவது, அகதிகள் ஐ.நா. மேற்பார்வையில் ஊர் திரும்பலாம் என்று ஓர் அம்சம் இருந்தது. அது இரு இனத்தாருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டிருந்தது. கராபாக்கின் முன்னாள் அதிபர்கள் மூவர் உள்ளிட்ட தலைவர்கள் 2023-ல் கைதாகி, 2025 ஜனவரி முதல் பாகுவின் ராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டனர். மின்ஸ்க் குழுவைக் கலைக்க 2025 செப்டம்பர் 1 அன்று முடிவானதோடு, இவர்களைப் பற்றிக் கேட்கக் கடமைப்பட்ட சர்வதேச மேடை ஒன்றும் இல்லாமல் போயிற்று. குழுவைக் கலைக்கக் கோரிய கூட்டு மனுவில் அர்மீனியாவும் கையெழுத்திட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தங்கள் நாளிதழ் அயல்நாட்டுச் செய்திகளுக்கு ஒதுக்கும் இடம் தமிழ் இதழியலில் அரிதானது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்தேன். இந்தப் பிணக்கைப் பற்றி மீண்டும் எழுதும்போது, அர்மீனிய அரசியலமைப்புத் திருத்தத்தின் நிலை, சியூனிக் பாதையின் காவல் விதிகள், பாகுவில் விசாரிக்கப்பட்டவர்களின் நிலை ஆகியவற்றை நேரடிச் செய்திகளின் அடிப்படையில் வாசகர்களுக்குத் தர வேண்டுகிறேன். 2020 அறிக்கையின் ஒன்பது அம்சங்களையும் 2025 வாசகத்தின் 17 பிரிவுகளையும் தமிழாக்கி அருகருகே ஒரு பக்கத்தில் வெளியிட்டால் இன்னும் நன்று.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி